மழைப் பக்கத்தில் ஒரு சூளை

2025 ஜூலை 12, சனி: மட்டக்களப்பிலிருந்து நோர்வூட்

மட்டக்களப்பில் இப்போது கச்சான் காலம். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான உலர்காற்றை விரும்புகிறவர்கள் எங்கள் ஊரில் மண்பாண்டக்காரர்கள் மட்டும்தான். காலையில் வனைந்த சட்டி மறுநாள் மாலை கையில் எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வெயில் காட்டி, ஐந்தாம் நாள் சூளையில் அடுக்கிவிடலாம். அப்பா கச்சானைக் 'கூலி கேட்காத ஆள்' என்பார். இருபது வருடங்களாகச் சூளை கட்டுகிறேன், வாகரையிலிருந்து அக்கரைப்பற்று வரை. எல்லாம் கடலோரச் சமவெளி. மலையில் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.

மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஏழு பெண்கள் சேர்ந்து அகல் விளக்கும் பூச்சாடியும் செய்கிறார்கள். போன வருடம் ஓர் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுத்த சூளை மூன்றாம் வேக்காட்டிலேயே பிளந்துவிட்டது. அங்கே ஆசிரியராக இருக்கும் நண்பர் படம் எடுத்து அனுப்பி, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். படத்தைப் பார்த்த அன்றே வருவதாகச் சொல்லிவிட்டேன். செங்கல் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

செங்கலடியில் ஏறி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. வெலிமடை வரை வெயில். மேடுகளில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகக் கிடந்தது. ஹக்கலை மலையின் வளைவைத் தாண்டியதும் கண்ணாடியில் நீர்த்துளிகள். அடுத்த பத்து நிமிடத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நுவரெலியாவில் பால் தேநீர் 120 ரூபாய், உளுந்து வடை 80 ரூபாய். குளிரில் இரண்டு வடை தின்றேன். அந்த ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். தேநீர் குடிப்பவருக்கு அது பெரிய விடயமில்லை. ஈரம் போகாத பச்சைச் சட்டியை நெருப்பில் வைப்பவருக்குப் பெரிய விடயம். சட்டிக்குள் இருக்கும் தண்ணீர் சமவெளியில் ஆவியாகும் சூட்டுக்கு முன்பே இங்கே ஆவியாகிக் கிளம்பும்.

வெப்பக் காப்புக்காக ஊரிலிருந்து இரண்டு மூட்டை உமி கொண்டுவந்திருந்தேன். பஸ்ஸின் பின்பெட்டியில் போட்டதில் வழியெல்லாம் தண்ணீர் ஒழுகி இறங்கியிருக்கிறது. ஹட்டனில் இறக்கும்போது ஒரு மூட்டையை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நடத்துனர் முகம் சுளித்தார், ஆனால் தானும் ஒரு கை கொடுத்தார்.

லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேரும்போது இரவு எட்டரை. கால் கழுவ வெந்நீர் வைத்திருந்தார்கள். சோறு, பருப்பு, கோவா வறை, நெத்தலிக் கருவாடு. "இன்னும் கொஞ்சம் போடுங்கள் அண்ணே, மலை ஏறி வந்த வயிறு" என்று குழுவின் மூத்த அக்கா விடாமல் பரிமாறினார்.

ஜூலை 13, ஞாயிறு: பழைய சூளை

காலையில் தேங்காய்ப்பூ போட்ட கோதுமை மாவு ரொட்டி, கட்டச் சம்பல், சாயத் தண்ணீர். ரொட்டி கனமாக இருந்தது. மதியம் வரை பசி எடுக்கவில்லை. இவர்கள் மலைக்கு ஏறுவதும் இதைத் தின்றுவிட்டுத்தான்.

சூளை லயத்துக்குக் கீழே, பீலித் தண்ணீர் ஓடும் வடிகாலுக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை. அதைச் சுற்றி வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. கட்டியவர் வீடு கட்டத் தெரிந்தவர், சுவர் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. ஆனால் செங்கற்களை ஒட்டியது சீமெந்துக் கலவை. சீமெந்து ஏறக்குறைய 400, 500 பாகையில் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் நீரை இழக்கும். ஆறியபின் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும். இந்த மலையில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? மூன்று முறை சூடாகி மூன்று முறை உப்பியதும், விரலால் தோண்டினால் கலவை மாவாகக் கொட்டியது.

அடுத்தது புகைபோக்கி. ஆறடிதான். பக்கத்தில் இருக்கும் தகரக் கூரையின் முகடு அதைவிட உயரம். கூரையைத் தாண்டி விழும் காற்று சுழன்று புகைபோக்கிக்குள்ளேயே இறங்கும். அடுப்புவாய் நேராக மேற்கைப் பார்க்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து வரும் மழையும் காற்றும் அப்படியே விறகின் மேல் விழும். தளமோ வெறும் மண் தரை மேல் ஒரு வரிசைச் செங்கல். சுடும்போது முதல் ஐந்தாறு மணி நேர விறகு நிலத்தைக் காய வைக்கவே போயிருக்கும்.

"போன கார்த்திகைக்கு அறுபது விளக்கு வைத்தோம், பதினான்குதான் மிஞ்சியது" என்றார் அக்கா. "பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம். பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்களுக்கு அழுகை வந்தது."

கீழே வயல் ஓரத்திலிருந்து கொண்டுவரும் களிமண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தேன். விரலில் சுற்றினேன், வெடிக்கவில்லை. நல்ல மண். மணல் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும். ஒட்டுப் போட்டுப் பயனில்லை, பிரித்துக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். யாரும் முகம் வாடவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார்கள். தோட்டத்தில் அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் அது போய்விடும். அதனால் பகலில் நானும் நண்பரும் லயத்து இளைஞர் இருவரும், மாலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு பெண்கள் என்று பேசி முடித்தோம்.

நனைந்த உமியை ஏழாகப் பிரித்து ஆளுக்கொரு தட்டில் எடுத்துப் போனார்கள். ஏழு வீட்டு அடுப்புக்கு மேலும் அது இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்: ஸ்டோரில் ஒரு பெரியவர்

காலை முழுவதும் பிரித்தோம். சாதாரணச் செங்கலில் முக்கால்வாசி தேறியது. உட்சுவருக்கு நெருப்புச் செங்கல் வேண்டும். ஹட்டனில் விசாரித்த விலையில் முந்நூறு வாங்கினால் குழுவின் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். ஸ்டோரில் உலை மாற்றியபோது கழித்த செங்கற்கள் பின்னால் குவிந்து கிடக்கின்றன என்று ஓர் இளைஞர் சொன்னார். அனுமதி கேட்டுப் போனோம்.

இந்த மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் நுழையும்போதே ஈர இலையின் பச்சை வாசனை, உள்ளே போகப்போக வறுத்த வாசனையாக மாறுகிறது. தேயிலையை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்று தருவது பின்பக்கம் இருக்கும் விறகு உலை. அதற்கு விறகு போடும் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடமாக அந்த வேலை. நான் சூளை கட்டுகிறவன் என்று சொன்னதும் சாக்கை விரித்து உட்கார வைத்தார்.

அவருடன் இரண்டு மணி நேரம் இருந்தேன். இந்தப் பயணத்தில் நான் சம்பாதித்தது இதுதான்.

உலையிலிருந்து இயந்திரத்துக்குள் போகும் காற்றின் சூட்டை அவர் நூறு பாகைக்குள் மணிக்கணக்காகப் பிடித்து வைக்க வேண்டும். ஏறினால் தேயிலை கருகும், இறங்கினால் உள்ளே ஈரம் நின்றுவிடும். இலையில் மூன்று சதவீத ஈரம்தான் மிஞ்ச வேண்டும். நாங்கள் 950 பாகைக்கு ஏற்றுகிறவர்கள், ஏற்றுவதில்தான் எங்கள் கவனம் எல்லாம். அந்த முதல் நூறு பாகையை இவரைப்போல் கையாளும் ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டி வெடிப்பது அந்த முதல் நூறில்தான்.

விறகுக் கொட்டிலைக் காட்டினார். பிளந்த யூக்கலிப்டஸ் கட்டைகள், காற்றுப் புகும் இடைவெளி விட்டு அடுக்கு அடுக்காக. புதிதாக வந்ததை ஒருபோதும் முன்வரிசையில் வைப்பதில்லை. "புகையைப் பாருங்கள் தம்பி. வெள்ளையாகக் கனத்துப் போனால் விறகு எரியவில்லை, விறகுக்குள் இருக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

பிறகு மாடிக்கு அழைத்துப் போய்க் கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிகளைக் காட்டினார். கம்பி வலை மேல் இலை, வலைக்கு அடியில் காற்று. "உங்கள் சூளை நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொழுந்தைத் தரையில் கொட்டினால் அடி இலை அழுகிப்போகும். சூளையைக் காலில் நிறுத்துங்கள். கீழே காற்று போகட்டும்."

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருபது வருடம் கச்சான் காற்று செய்துகொடுத்த வேலையை நான் ஒருபோதும் கணக்கில் எடுக்கவில்லை. உலர்ந்த நிலமும் உலர்ந்த விறகும் உலர்ந்த சட்டியும் எனக்கு இலவசமாகக் கிடைத்தன. இந்தப் பக்கம் அவை ஒவ்வொன்றையும் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாலையில் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அது புதிதாக இல்லை. "வாடாத கொழுந்தை உருளையில் போடுவார்களா அண்ணே? சட்டியும் வாட வேண்டும்தானே. அதை ஏன் யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை?" நான் மூன்று நாளில் விளக்க நினைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. அன்றிரவே பழைய வலைக் கம்பியில் மூன்று தட்டுகள் செய்து, அடுப்பங்கரைக்கு மேலே பரணில் பச்சை விளக்குகளை அடுக்கினார்கள்.

ஜூலை 15 முதல் 17 வரை: கட்டுதல்

மூன்று நாளும் மழை. தார்ப்பாயின் கீழ் வேலை. முதல் நாள் காலில் ஏறிய அட்டைகளை எண்ணினேன். பதினொன்றுக்குப் பிறகு விட்டுவிட்டேன். சவர்க்காரத்தைக் கணுக்காலில் தேய்க்கச் சொன்னார்கள், ஓரளவு கேட்டது.

முதலில் கருங்கல் கால்கள், அவற்றுக்கு நடுவே காற்றுப் போகும் மூன்று வழிகள். மேலே பலகைக் கல். அதன் மேல் காய்ந்து வந்த உமியை எரித்த சாம்பலோடு களிமண் பிசைந்து மூன்று அங்குலம். உமிச்சாம்பல் சூட்டைக் கீழே விடாது. அதன் மேல் நெருப்புச் செங்கல் தளம். ஸ்டோர் செங்கற்களில் ஓரம் உடையாத 320 தேறின. ஒட்டுக் கலவை களிமண்ணும் சலித்த மணலும்தான். செங்கலுக்கு இடையில் நாணயத்தின் கனத்துக்கு மேல் கலவை இருக்கக் கூடாது என்று இளைஞர்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் அவர்களே என் வரிசையைக் குனிந்து பார்த்துத் திருத்தினார்கள்.

உள்ளளவு மூன்றடிக்கு மூன்றடி, உயரம் மூன்றடி. எங்கள் ஊர்ச் சூளைகளில் நெருப்பு கீழே எரிந்து சட்டிகளின் ஊடே மேலே போகும். மேலே ஓட்டுத் துண்டும் வைக்கோலும் சேறும் போட்டு மூடுவோம். இங்கே மழையில் அந்த மூடி நிற்காது. அதனால் சுடர் தடுப்புச் சுவரைத் தாண்டி மேலேறி, வளைவில் முட்டி, சட்டிகளின் ஊடே கீழிறங்கி, தளத் துளைகள் வழியே புகைபோக்கிக்குப் போகும் அமைப்பைக் கட்டினேன். இதற்கு இழுவை வேண்டும். சுடர் ஓர் அடி கீழிறங்குவதற்கு மூன்றடி புகைபோக்கி, படுக்கையாகப் போகும் மூன்றடிக்கு ஓர் அடி என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அதன்படி பத்தடி. ஆனால் இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே விறகுக்குக் கூடுதல் காற்றை உள்ளே விட வேண்டும். அடுப்புவாயையும் புகைவழியையும் அகலமாக்கி, புகைபோக்கியைப் பன்னிரண்டு அடிக்கு ஏற்றி, கூரை முகட்டுக்கு மேலே தலை நீட்ட வைத்தேன். அடுப்புவாய் கிழக்கே திரும்பியது.

வளைவு கட்டியது புதன் மாலை. மூன்றடி அகலத்துக்கு ஐந்து அங்குல எழுச்சி. யூக்கலிப்டஸ் சட்டத்தில் சாரம் செய்து, இரு பக்கமும் ஒரே நேரத்தில் செங்கல் ஏற்றி, நடுவில் சாவிச் செங்கலை மரச் சுத்தியலால் மெதுவாக இறக்கினேன். வளைவு பக்கச் சுவர்களை வெளியே தள்ளும், அதற்காக நான்கு மூலையிலும் கோண இரும்பு நிறுத்திக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தோம். சாரத்தை உருவும்போது ஏழு பெண்களும் கூடையை இறக்காமலே நின்று பார்த்தார்கள். வளைவு அரை அங்குலம்கூட இறங்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை மட்டும் "விழவில்லையா?" என்று கேட்டது.

ஜூலை 18, வெள்ளி

சூளைக்குள் ஒரு சிறு நெருப்பு, காய வைக்க. தேநீர்ப் பானை கொதிக்கும் அளவுக்குமேல் போகக் கூடாது. ஒரு வாரம் இப்படி எரிய வேண்டும். பெரியவர் வேலை முடிந்து வந்து புகைபோக்கியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். செங்கல் வியர்த்திருந்தது. "இன்னும் ஆறு நாள்" என்றார்.

இந்த இடைவெளியில், சமனலவெவயின் பழைய இரும்பு உலைகள் இருந்த இடத்தைப் பார்க்கும் ஆசையை முடித்துவிட நாளைக்கு ரயில் ஏறுகிறேன்.

ஜூலை 19, சனி: சுரங்கத்துக்கு அப்பால்

ஹட்டனிலிருந்து ரயில் கிளம்பும்போது மழை. தலவாக்கலை, நானு ஓயா, அம்பேவளை, எங்கும் மழை. பட்டிப்பொலையைத் தாண்டி 1,898 மீற்றர் உயரத்தில் பாதையின் உச்சி. அடுத்து ஒரு சுரங்கம். நனைந்த இருட்டுக்குள் நுழைந்தோம், மறுபக்கம் வெளியே வந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. எதிரே இருந்த பாட்டி சால்வையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு இது பழக்கம். நான் ஜன்னலில் தலை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தென்மேற்குக் காற்று தன் தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது. எங்கள் ஊருக்கு வரும்போது அதன் பெயர் கச்சான். படித்ததுதான். ஆனாலும் ஒரே சுரங்கத்தின் இரண்டு வாயிலும் அதை உடம்பால் அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஹப்புத்தளையில் காற்று ஆளைத் தள்ளியது. கடைப் பலகைகள் கடகடத்தன. மரக்கறிச் சாப்பாடு 400 ரூபாய், நன்றாக இருந்தது. பஸ்ஸில் பெரகலை, ஹல்துமுல்லை வழியே பெலிஹுலோயாவில் இறங்கித் தங்கினேன்.

ஜூலை 20, ஞாயிறு: சமனலவெவ

காலையில் தெருவோரக் கடையில் குரக்கன் ரொட்டியும் லுணுமிரிசும், இரண்டு ரொட்டி 160 ரூபாய். கடை நடத்தும் சிங்கள அம்மா என் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டார். "புத்தே, இவ்வளவு தூரம் இரும்புக் கசடு பார்க்கவா வந்தாய்?" என்று வியந்து இன்னொரு ரொட்டியை இலவசமாக வைத்தார். முச்சக்கர வண்டிக்குப் போக வர 2,500 ரூபாய் பேசினேன்.

சமனலவெவ நீர்த்தேக்கத்துக்காக அணை எழுவதற்கு முன், 1980களின் இறுதியில், அந்தப் பள்ளத்தாக்கில் தொல்லியல் கள ஆய்வு நடந்தது. மேற்குச் சரிவுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பழைய இரும்பு உருக்கு உலைகள் கிடைத்தன. பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அவற்றை ஆராய்ந்து, துருத்தி இல்லாமல் பருவக்காற்றாலேயே அவை இயங்கின என்று 1996இல் வெளியிட்டார். அதே வடிவில் உலை கட்டி உருக்கியும் காட்டினார். அதில் கிடைத்த இரும்பில் கரிமம் மிகுந்த உருக்கும் இருந்தது. பழைய உலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. பல உலைகள் இப்போது தண்ணீருக்கு அடியில்.

ஆடி மாத வறட்சியில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. கரைச் சரிவில் நடந்தேன். காற்று காதில் இரைந்தது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலடியில் கறுப்பாக, உருகி வழிந்து உறைந்த கசடு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அளவுக்கு மீறிய கனம். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அந்த உலைகளின் பின்சுவர் வளைந்தது, நிரந்தரமானது. முன்சுவர் நேரானது, அதில் வரிசையாக மண் குழாய்கள். ஒவ்வொரு உருக்கலுக்குப் பிறகும் முன்சுவரை இடித்து இரும்பை எடுத்துவிட்டு மீண்டும் கட்டியிருக்கிறார்கள். காற்று குழாய்க்குள் அடித்து நுழைவது மட்டும் இல்லை. முன்சுவரின் உச்சியைத் தாண்டி ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது, அந்தக் குறைவு குழாய் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. அதனால் குமுறிக் குமுறி அடிக்கும் காற்றிலும் உலைக்குள் இழுவை சீராக இருக்கும். உலைகளை மலை உச்சியிலும் வைக்கவில்லை, பள்ளத்திலும் வைக்கவில்லை. சரிவு உடையும் விளிம்பில் வைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பில் நின்று, எத்தனை ஆடி மாதங்கள் காற்றைக் கவனித்துவிட்டு இந்த இடத்தைத் தேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நான் நோர்வூட்டில் ஒரே நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கட்டிவிட்டேன்.

ஓட்டுநர் இருமுறை ஹாரன் அடித்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன்.

ஜூலை 21 முதல் 25 வரை

ஹப்புத்தளையில் ஒரு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தேன். விடுதிக்காரர் கொத்தமல்லித் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுவந்து வைத்தார், கஞ்சிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, அடுப்பின் மேற்குப் பக்கச் சுவரில் இரண்டு செங்கலைப் பெயர்த்து ஒரு காற்றுத் துளை திறந்தேன். வேண்டும்போது எடுக்கவும் அடைக்கவும் தளர்வான ஒரு செங்கல். ஆறி இறுகிய சுவரை உடைப்பதைப் பார்த்து இளைஞர்களுக்கு வருத்தம். காரணத்தைச் சொன்னதும் அவர்களே மழை படாமல் துளைக்கு மேலே ஒரு தகரத் தாழ்வாரம் வைத்தார்கள்.

ஜூலை 26, சனி: வேக்காடு

தொண்ணூற்றாறு விளக்கு, பதினொரு பூச்சாடி. எல்லாம் பன்னிரண்டு நாள் பரணில் வாடியவை. கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். குளிர்ச்சி தட்டினால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒன்றும் தட்டவில்லை.

அதிகாலை நான்கு மணிக்கு அக்கா கற்பூரம் காட்டி நெருப்பு வைத்தார். முதல் ஐந்து மணி நேரத்தைப் பெரியவரிடம் ஒப்படைத்தேன். அவருக்கு அன்று விடுமுறை. இரண்டு கட்டை, ஒரு கட்டை, மறுபடி இரண்டு. வெப்பமானியைப் பார்க்காமலே பிடித்தார். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முள் 90க்கும் 105க்கும் நடுவே நின்றது. ஒரு வெடிச்சத்தம்கூட இல்லை.

பிறகு மெதுவாக ஏற்றினோம். 450 முதல் 600 வரை மண்ணோடு கலந்த நீர் வெளியேறும் நேரம். 573 பாகையில் மணலின் படிகமும் சட்டென்று விரியும். அங்கே அவசரம் கூடாது. மதியம் சோறும் கிழங்குக் கறியும் சூளைக்குப் பக்கத்திலேயே. மூன்று மணிக்கு உள்ளே மங்கிய சிவப்பு.

ஆறு மணிக்கு 880இல் நின்றுவிட்டது. கட்டை போட்டால் புகை கூடியது, சூடு ஏறவில்லை. விறகு மிகுந்து காற்றுப் போதவில்லை. மேற்குத் துளையின் செங்கலை உருவினேன். பள்ளத்தாக்கிலிருந்து வந்த காற்று உள்ளே போனதும் சூளை உறுமியது. "மிலாறு போடலாமா?" என்று அக்கா கேட்டார். கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சிகள். வீட்டு அடுப்பில் அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம் அது. கட்டுக் கட்டாகப் போட்டார்கள். மெல்லிய குச்சி, நீண்ட சுடர், உடனே எரிந்து தீர்ந்தது. 900, 920. எட்டேகால் மணிக்குள், சூட்டை அறிய உள்ளே வைத்திருந்த, 950க்கு வளையும் கூம்பு தலை சாய்ந்தது. அரை மணி நேரம் அப்படியே பிடித்து, எல்லா வாயையும் மண்ணால் அடைத்தோம். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்: பிரித்தல்

கொழுந்து நிறுத்துவிட்டு அவர்கள் வரும்வரை திறக்கவில்லை. ஐந்தரைக்கு முதல் செங்கலை அக்கா எடுத்தார். உள்ளே இளஞ்சூடு.

விளக்கில் ஐந்தும் சாடியில் இரண்டும் கீறல் விட்டிருந்தன. மற்றவை முழுசு. அக்கா ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரல் கணுவால் தட்டினார். கணீர் என்று கேட்டால் வலப்பக்கம், மந்தமாகக் கேட்டால் இடப்பக்கம். தளத்தின் இடது மூலையில் இருந்த ஒன்பது விளக்குகள் வெளிறி, மந்தமாகவே ஒலித்தன. அந்த மூலையில் சுடர் சரியாக இறங்கவில்லை. வளைவில் மயிரிழைக் கீறல் ஒன்றும் ஓடியிருக்கிறது, அது முதல் வேக்காட்டில் எப்போதும் வருவது, களிமண் தடவினால் போதும்.

பெரியவர் வெளிறிய விளக்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மூலைத் துளையை அரை அங்குலம் பெரிதாக்கினால் வருமா தம்பி?" என்று கேட்டார். வரும் என்றேன். ஓர் இளைஞர் அப்போதே உளி எடுக்கப் போய்விட்டார்.

நாளை காலை ஆறு மணிக்கு எனக்கு பஸ். அடுத்த வேக்காடு ஆகஸ்ட் 9. பெண்கள் இருட்டும் முன் மிலாற்றுக் கட்டுகளைக் கூரைக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.